நாற்பத்தொரு அநாதைகள்

மார்ச் 4

நாத்தனார் அவர்களுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கூப்பிடாமல் மெயில் எழுதுவதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். போன முறை நீங்கள் வந்திருந்தபோது நாம் இருவரும் பேசியதில் பாதி, ஆஸ்பத்திரி வாசலில் நாயோடு நின்றவர்களுக்கும் கேட்டது. நீங்கள் சாப்பிடாமல் கிளம்பிப் போனீர்கள். எழுத்தில் குரல் ஏறாது.

விஷயம் வேலை சம்பந்தப்பட்டது. உங்கள் அண்ணனின் பிராணி ஆஸ்பத்திரிக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த மென்பொருளில் மூன்று மாதமாக ஒரு கோளாறு. வரவேற்பு மேசையில் நான் ஒரு புதிய பிராணியைப் பதிகிறேன். பெயர், வயது, தடுப்பூசித் தேதி, உரிமையாளர் யார், எல்லாம் போட்டு சேவ் செய்கிறேன். 'பதியப்பட்டது' என்று திரையில் வருகிறது. சாயங்காலம் அந்த உரிமையாளரின் பெயரைப் போட்டுத் தேடினால் அவருடைய பழைய பிராணிகள் மட்டும் வருகின்றன. புதியது இல்லை.

தகவல் எல்லாம் வரிவரியாகச் சேரும் டேபிளுக்குள் போய்ப் பார்த்தேன். பிராணி இருக்கிறது. அதன் வரியில் உரிமையாளரின் எண் இருக்கவேண்டிய கட்டம் மட்டும் காலி. இன்றைக்கு இப்படி நாற்பத்தொரு பிராணிகள் ஆளில்லாமல் நிற்கின்றன. இருபத்தாறு நாய், பதின்மூன்று பூனை, ஒரு முயல், ஒரு கிளி. எப்போதும் நடப்பதில்லை. பத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. எந்த இரண்டு என்று இன்னும் பிடிபடவில்லை.

நான் பதியவே இல்லை என்கிறார் உங்கள் அண்ணன். "போட்டேன்னு நினைச்சிருப்பே, போட்டிருக்க மாட்டே." இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் சரியாகாவிட்டால் உங்கள் மென்பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியில் ரெடிமேடாக ஒன்று வாங்கப் போகிறார். விற்பனைப் பிரதிநிதி ஏற்கெனவே இரண்டு முறை வந்துவிட்டார். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பவர். உங்களுக்கு இது தெரியவேண்டும் என்று தோன்றியது.

நானும் எட்டு வருடம் இதே தொழிலில் இருந்தவள்தான். ஆனால் எழுதியவர் நீங்கள். எங்கே பார்க்கவேண்டும் என்று சொன்னால் சீக்கிரம் முடியும்.

இப்படிக்கு,
அண்ணி


மார்ச் 6

அன்புள்ள அண்ணி,

'அவர்களுக்கு' என்று பார்த்ததும் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டதோ என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். உங்களைவிட ஆறு வயது சின்னவள் நான். கோபம் இருந்தால் திட்டி எழுதுங்கள், மரியாதை கொடுத்துக் கொல்லாதீர்கள்.

முதலில் ஒன்று கேட்கிறேன். அண்ணன் ஏன் என்னிடம் கேட்கவில்லை? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறான். "சாப்பிட்டியா? வீட்டு ஓனர் தொல்லை பண்றாரா? குளிருக்குப் போர்வை வாங்கிட்டியா?" எல்லாம் கேட்கிறான். ஆஸ்பத்திரியில் நாற்பத்தொரு ஜீவன் அநாதையாக நிற்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. என் மென்பொருளைத் தூக்கிப் போடப்போகிறான் என்பதை நான் உங்கள் வாயால் கேட்கவேண்டியிருக்கிறது. அது என்னவோ உங்கள் வீட்டுச் சாமான் மாதிரி.

அந்த மென்பொருளை எங்கே உட்கார்ந்து எழுதினேன் தெரியுமா? அப்போது ஆஸ்பத்திரி என்றால் இரண்டே அறை. பூனைக் கூண்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. நான் எழுதுவேன், அவன் ஊசி போட்டுவிட்டு வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏதாவது புரியுதான்னு கேக்காதே, நல்லா இருக்குன்னு மட்டும் சொல்றேன்" என்பான். பிறகு மூன்று வருடம் வரவேற்பு மேசையில் நானே உட்கார்ந்து ஓட்டினேன். ஒரு முயல்கூடக் காணாமல் போனதில்லை. அதற்கப்புறம் அங்கே என்ன மாறியது என்று நான் சொல்லமாட்டேன். நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, கோளாறு. டேபிளுக்கும் திரைக்கும் நடுவே தகவலை எடுத்துப் போட்டு வரும் மேப்பர், ஓர் உரிமையாளரை எடுக்கும்போது அவருடைய பிராணிகளைக் கையோடு எடுத்து வராது. யாராவது கேட்டால்தான் போய் எடுக்கும். அப்படிச் சோம்பேறியாக எடுக்கும்போது உங்களுக்குப் பழைய பட்டியல் வந்திருக்கும். உரிமையாளரைத் திறந்தாலே எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கும்படி மாற்றிவிடுங்கள். ஒரே ஒரு வரி. எட்டு வருட அனுபவத்துக்கு இது ஒரு பெரிய விஷயமா?

விற்பனைப் பிரதிநிதிக்கு நான்காவது பேனா வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

வாண்டு
(அண்ணன் மட்டும் அப்படிக் கூப்பிடுவான். நீங்கள் வேண்டாம்.)


மார்ச் 10

நாத்தனார் அவர்களுக்கு,

நீங்கள் சொன்ன ஒரு வரியை எட்டாம் தேதி காலையில் மாற்றினேன். ஒரு உரிமையாளரைத் திறந்தால் அவருடைய பிராணிகள், ஒவ்வொரு பிராணியும் வந்துபோன நாட்கள், ஒவ்வொரு நாளும் கொடுத்த மருந்துகள் என்று மொத்தமும் திரண்டு வந்தது. பூனைக் காப்பகம் நடத்தும் அம்மாளின் பெயரில் அறுபத்து மூன்று பூனைகள். அவரைத் திறந்ததும் திரை அப்படியே நின்றது. கணினி செய்வதையெல்லாம் குறித்துவைக்கும் லாகில் பார்த்தேன். அந்த ஒரு தேடலுக்கு டேட்டாபேஸிடம் நானூற்றுப் பதினோரு கேள்விகள் போயிருந்தன. வரிசை வாசலைத் தாண்டியது. காத்திருந்த இரண்டு நாய்கள் பொறுமை இழந்து ஒன்றையொன்று கடித்துக்கொண்டன. கடித்த நாய்க்கும் கடிபட்ட நாய்க்கும் உங்கள் அண்ணன் இலவசமாக வைத்தியம் பார்த்தார். மதியம் பழையபடி மாற்றிவிட்டேன்.

எடுத்து வருவதில் கோளாறு என்றால் கட்டம் காலியாகாது. கட்டம் காலி என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். படித்திருப்பீர்கள்.

எப்போது நடக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். நான் மேசையில் ஒரு பிராணியைப் பதியும் நேரத்தில், உங்கள் அண்ணன் தன் அறைக் கணினியில் அதே உரிமையாளரின் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கவேண்டும். முன்பெல்லாம் அவர் பார்த்துவிட்டு மூடிவிடுவார். அவருடைய கையெழுத்தை மருந்துக்கடையில் யாராலும் வாசிக்க முடியவில்லை என்று டிசம்பரில் நான்தான் அவரைத் தட்டச்சு செய்யப் பழக்கினேன். இப்போது குறிப்பு எழுதி சேவ் அழுத்துகிறார். அவர் சேவ் அழுத்தியதும் நான் பதிந்தது காலியாகிறது.

எனவே ஒரே ஒரு கேள்வி. உரிமையாளர் ஒருவர், பிராணிகள் பல. இந்த உறவை எழுதிவைக்கும் பொறுப்பை மேப்பரிடம் எந்தப் பக்கத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள்? ஏன்?

நேற்று உங்கள் அண்ணனிடம், "புரோகிராம்லயே தப்பு இருக்கலாம்" என்றேன். "வாண்டு எழுதினது தப்பாப் போகாது. நீ எதையாவது நோண்டியிருப்பே" என்றார். தட்டிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார். இதை உங்களுக்கு எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அழித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணி


மார்ச் 11

அன்புள்ள அண்ணி,

கடைசிப் பத்தியை மூன்று முறை படித்தேன். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரி, "என்ன, சம்பளம் ஏத்திட்டாங்களா?" என்று கேட்டாள். அவ்வளவு பல் தெரிந்திருக்கிறது.

அதை எழுதியதற்கு நன்றி. எழுத உங்களுக்கு எவ்வளவு கசந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கசப்பும் சேர்ந்துதான் எனக்கு இனித்தது. பொய் சொல்லப் பிடிக்கவில்லை. எனக்கு உங்கள் மேல் பொறாமை, அண்ணி. நீங்கள் கெட்டவர் என்று ஒரு காரணம் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று இரண்டு வருடமாகத் தேடுகிறேன், அகப்படவில்லை. அது இன்னும் எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை அவனோடு எனக்குப் பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்தில் பின்னால் உங்கள் குரல் வரும். "இரு, அவ கூப்பிடறா" என்று போய்விடுவான். திரும்பி வரும்போது எதை எந்த இடத்தில் விட்டோம் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "சரி, வச்சிடட்டுமா?" என்பான். அம்மா அப்பா போனதற்கு அப்புறம் அவன் ஒருவன்தான் எனக்கு. உங்களுக்கு அவன் தவிர உங்கள் அம்மா இருக்கிறார்கள், இரண்டு அக்கா இருக்கிறார்கள், எட்டு வருட ஆபீஸ் சிநேகிதர்கள் இருக்கிறார்கள். அந்த மென்பொருளும் போய்விட்டால் அவனுக்கு என்னிடம் கேட்க 'சாப்பிட்டியா'வைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. உங்களுக்கு இது புரியவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பொறுப்பு எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு வருடம் ஆயிற்று, நினைவில்லை. நீங்கள் கேட்கும் தோரணையைப் பார்த்தால் வாத்தியாரம்மா கேள்வித்தாள் கொடுத்த மாதிரி இருக்கிறது. இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். அண்ணன் அவனுடைய பக்கத்தை மூடியிருக்கும்போது பதியுங்கள். எட்டிப் பார்த்துவிட்டுப் பதிவதில் என்ன கஷ்டம்?

இன்னொன்று. "வாண்டு எழுதினது" என்று சொன்னானா, "என் தங்கச்சி எழுதினது" என்றானா? சரியாக எழுதுங்கள்.

வாண்டு


மார்ச் 17

நாத்தனார் அவர்களுக்கு,

இன்று நிறைய எழுத முடியாது.

தையற்கடை அம்மாளிடம் இரண்டு நாய்கள். பெரியது சிப்பாய், சின்னது பொத்தான். பிப்ரவரியில் பொத்தானைப் பதிந்தது நான்தான். வெறிநோய்த் தடுப்பூசி போட்டு அட்டையும் கொடுத்தோம். அட்டையை அந்த அம்மாள் எந்தத் துணிக்கட்டிலோ வைத்துத் தொலைத்துவிட்டார். சனிக்கிழமை பொத்தான் தபால்காரரைக் கடித்துவிட்டது. இன்று காலை தபால்காரரும் அந்த அம்மாளும் சேர்ந்து வந்தார்கள். நாய்க்கு ஊசி போட்டதற்குப் பதிவு இருக்கிறதா என்று தபால்காரரின் டாக்டர் கேட்டிருக்கிறார்.

அம்மாளின் பெயரைப் போட்டேன். சிப்பாய் மட்டும் வந்தது.

ஆளில்லாத பிராணிகளுக்குள் தேடிப் பொத்தானை எடுக்க நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை. தையற்கடை அம்மாள் அழ ஆரம்பித்தார். உங்கள் அண்ணன் அறையிலிருந்து வெளியே வந்தார். பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "ஒரு நாயோட பேரைப் பதியத் தெரியாதா உனக்கு? எட்டு வருஷம் ஆபீஸ்ல என்னத்தக் கிழிச்சே?" என்றார். யாரும் எங்கேயும் பார்க்கவில்லை. தபால்காரர்தான் பாவம், கட்டுப்போட்ட காலோடு எழுந்து, "விடுங்க டாக்டர், எனக்கு வலிக்கவே இல்ல" என்றார்.

"ஆமா, என் தப்புதான்" என்றேன்.

பிறகு பொத்தானின் பதிவைத் தேடி எடுத்து அச்சிட்டுக் கொடுத்தேன். பிப்ரவரி பதினொன்று, காலை பத்தே கால் என்று நான் பதிந்த நேரம்கூட அதில் இருந்தது. உங்கள் அண்ணன் அதைப் பார்க்கவில்லை. உள்ளே போய்விட்டிருந்தார்.

என் கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை. விற்பனைப் பிரதிநிதியை இருபத்தைந்தாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்.

அண்ணி


மார்ச் 18

அண்ணி,

பதில் இதோ. பொறுப்பு உரிமையாளர் பக்கம் இருக்கிறது. கொடுத்தது நான்.

முதலில் அப்படி இல்லை. முதல் மூன்று வருடம் பிராணியின் பக்கம்தான் பொறுப்பு இருந்தது. அதுதான் முறை. உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, ஆனால் சொன்னால்தான் எனக்கு மூச்சு வரும். உரிமையாளரின் வரியில் பிராணிகளின் பட்டியல் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒவ்வொரு பிராணியும் தன் வரியில் 'நான் இன்னார் வீட்டைச் சேர்ந்தவன்' என்று ஓர் எண்ணை வைத்துக்கொண்டிருக்கிறது. நாம் ஆளின் பெயரைச் சொன்னதும் மேப்பர் அந்த எண்களைப் பார்த்துப் பிராணிகளைத் திரட்டிப் பட்டியலாகக் காட்டுகிறது. பட்டியல் வெறும் தோற்றம். நான் அந்தத் தோற்றத்தை எஜமான் ஆக்கினேன். அண்ணன் தன் அறையில் பத்து மணிக்குத் தையற்கடை அம்மாளைத் திறந்திருப்பான். பட்டியலில் சிப்பாய் மட்டும். பத்தே காலுக்கு நீங்கள் பொத்தானைப் பதிந்தீர்கள். பத்தரைக்கு அவன் குறிப்பு எழுதி சேவ் அழுத்தினான். அவனிடமிருந்த பட்டியலில் பொத்தான் இல்லை. இல்லையென்றால் இல்லை என்று மேப்பர் போய்ப் பொத்தானின் கட்டத்தைக் காலி செய்துவிட்டது. நான் சொன்னதைத்தான் அது செய்தது.

ஏன் என்று கேட்டிருந்தீர்கள். நான் ஊரைவிட்டுக் கிளம்ப நான்கு நாள் இருந்தது. அன்றைக்குத்தான் நீங்கள் வரவேற்பு மேசையில் முதன்முதலாக உட்கார்ந்தீர்கள். உட்கார்ந்து நாற்காலியின் உயரத்தை மாற்றினீர்கள். அவ்வளவுதான் செய்தீர்கள். நீங்கள் என்னைவிட உயரம், யாராக இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். அந்த நெம்புகோல் சத்தம் எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று வருடம் நான் உட்கார்ந்த நாற்காலி ஒரு நொடியில் உங்கள் அளவுக்கு ஆகிவிட்டது. உள்ளே போய்ப் புரோகிராமைத் திறந்தேன். மேசையில் யார் எதைப் பதிந்தாலும் அண்ணன் திரையில் இருப்பதுதான் கடைசி வார்த்தை என்று மாற்றினேன். பாதுகாப்புக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவனுக்கு அப்போது சேவ் அழுத்துகிற வழக்கமே இல்லை, அதனால் இரண்டு வருடம் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

எல்லாவற்றையும் சேர்த்து எடுங்கள் என்று நான் சொன்னது தெரிந்தே சொன்ன பொய் இல்லை. யோசிக்காமல் சொன்னேன். யோசித்தால் தெரிந்துவிடும் என்பதால்தான் யோசிக்கவில்லை. பதினொன்றாம் தேதி 'நினைவில்லை' என்றேனே, அது பொய்.

சரிசெய்ய வழி: பொறுப்பைப் பிராணியின் பக்கத்துக்கே திருப்பிக் கொடுங்கள். உரிமையாளர் பக்கத்துப் பட்டியல் பார்ப்பதற்கு மட்டும் என்று குறித்துவிடுங்கள். அண்ணன் சேவ் அழுத்தும்போது அவன் எழுதிய குறிப்பு மட்டும் போகட்டும், பட்டியலை அனுப்பவே கூடாது.

பதினோரு பேருக்கு முன்னால் 'என் தப்புதான்' என்று ஏன் சொன்னீர்கள்? அதைப் படித்துவிட்டு ஆபீஸ் கழிவறையில் போய் அழுதேன். அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு வாய் வரவில்லை.

வாண்டு


மார்ச் 21

வாண்டு,

நீ வேண்டாம் என்றாய். கூப்பிட்டாயிற்று.

நீ சொன்ன மூன்றையும் செய்துவிட்டேன். இரண்டு கணினியிலும் ஒரே ஆளைத் திறந்துவைத்து இருபது முறை மாற்றி மாற்றி சேவ் செய்து பார்த்தேன். ஒன்றும் காலியாகவில்லை. நாற்பத்தொன்று கடைசியில் நாற்பத்து நான்காகியிருந்தது. பழைய மருந்துச் சீட்டு நகல்களை எல்லாம் தரையில் பரப்பி வைத்து, நாற்பத்து மூன்று பிராணிகளுக்கு ஆளைக் கண்டுபிடித்துப் போட்டுவிட்டேன். கிளிக்கு மட்டும் தெரியவில்லை. விற்பனைப் பிரதிநிதியை வரவேண்டாம் என்று உன் அண்ணன் சொல்லிவிட்டார். "வாண்டுகிட்ட கேட்டியா? அதான் சரியாயிடுச்சு" என்றார். உன் மென்பொருள் எங்கேயும் போகாது. நிம்மதியாக இரு.

இப்போது என் முறை. எனக்கு ஒன்பதாம் தேதியே தெரியும். புரோகிராமின் மாற்ற வரலாற்றைப் பார்த்தேன். எதற்காக மாற்றினோம் என்று குறிப்பு எழுதும் இடத்தில் நீ எழுதியிருக்கிறாய்: 'மேசையில் யார் உட்கார்ந்தாலும் அண்ணன் திரையே இறுதி.' தேதியைப் பார்த்தேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பதாம் நாள். பதில் தெரிந்துகொண்டுதான் மறுநாள் உன்னிடம் கேள்வி கேட்டேன். 'இரண்டு வருடம் ஆயிற்று, நினைவில்லை' என்று எழுதினாய். மென்பொருளுக்கு வயது ஐந்து. நினைவில்லாதவளுக்கு இரண்டு வருடம் மட்டும் எப்படிச் சரியாக நினைவிருக்கிறது என்று சிரித்தேன். நல்ல சிரிப்பு இல்லை அது.

அன்றைக்கே சரிசெய்திருக்கலாம். அரை மணி நேர வேலை. செய்யவில்லை. 'நான்தான்' என்று நீ உன் கையால் எழுதவேண்டும், அதை நான் உன் அண்ணனிடம் காட்டவேண்டும் என்று காத்திருந்தேன். ஆளில்லாத பிராணிகளையும் அப்படியே விட்டுவைத்தேன், சாட்சிக்கு வேண்டும் என்று. அந்தக் காத்திருப்பில்தான் தபால்காரரின் நாள் வந்தது. பொத்தானின் கட்டத்தை ஒன்பதாம் தேதியே நிரப்பியிருந்தால் தையற்கடை அம்மாள் அழுதிருக்கவேண்டாம். 'என் தப்புதான்' என்று நான் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. நீ கழிவறையில் அழுத அளவுக்கு நான் ஒன்றும் தியாகி இல்லை.

உனக்குப் பொறாமை என்றாய். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் உன்னோடு சிரிக்கிற சிரிப்பு எனக்கு வாரம் முழுக்க ஒருநாள்கூடக் கிடைப்பதில்லை. என்னோடு பேசும்போது அவருக்குக் கொட்டாவி வரும். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று அந்தப் பத்து நிமிடத்துக்குள் கூப்பிடுவேன். குழாய் ஒழுகவே இல்லை. இரண்டு வருடத்தில் பத்துப் பன்னிரண்டு முறையாவது கூப்பிட்டிருப்பேன். அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார், "இப்ப நின்னுடுச்சு" என்பேன். இன்றுவரை அந்தக் குழாயைப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று அவர் பிளம்பரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் "வாண்டு எழுதினது" என்றுதான் சொன்னார். கேட்டிருந்தாய்.

நீ செய்ததை அவரிடம் சொல்லாதே. நானும் சொல்லப்போவதில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. நீ சொன்னால், "பாரு, தப்பு பண்ணினா எப்படி ஒத்துக்கறா" என்று அதற்கும் உன்னைத்தான் மெச்சுவார். அதைக் கேட்டுக்கொண்டு பரிமாற என்னால் முடியாது.

அண்ணி


மார்ச் 24

அன்புள்ள அண்ணி,

நேற்று போனில் அவனிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் சொல்லாதே என்று எழுதியதால்தான் சொன்னேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. பட்டியல், பொறுப்பு, பக்கம் என்று நான் இழுத்துக்கொண்டே போனேன். "நேரா சொல்லு" என்றான். "அண்ணி பதிஞ்சதெல்லாம் அழியற மாதிரி நான்தான் எழுதி வச்சேன், அவங்க என் மேசைல வந்து உக்காந்தது பிடிக்கல" என்றேன். வண்டி ஏதோ தெருவில் போனது மட்டும் கேட்டது. பிறகு, "அப்ப அவ எல்லாத்தையும் பதிஞ்சிருந்தாளா?" என்றான். "ஒண்ணு விடாம" என்றேன்.

"மூணு மாசமா என்கிட்ட சொன்னா. நான் உன்னை நம்பினேன்" என்றான்.

வைத்துவிட்டான். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்து அவன் என்மேல் கோபப்பட்டுப் பேசாமல் போனது இதுதான் முதல் தடவை. மெச்சவில்லை, அண்ணி. நீங்கள் போட்ட கணக்கு தப்பு.

தெரிந்தும் நீங்கள் காத்திருந்த ஒரு வாரத்தைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. குழாயைப் பற்றியும். அதெல்லாம் நீங்கள் சொல்லவேண்டியது, இல்லாவிட்டால் சொல்லாமல் விடவேண்டியது. ஆனால் குழாயைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து சீட்டுக்காரிக்கு என்மேல் சந்தேகமே வந்துவிட்டது.

போனை வைத்ததும் அவன் நேரே உங்களிடம்தான் வந்திருப்பான். என்ன சொன்னான் என்று கேட்டு ஒரு வரி எழுதினேன், அழித்துவிட்டேன். எனக்கு இப்போதும் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஒப்புக்கொண்டால் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

வாண்டு


மார்ச் 29

அன்புள்ள வாண்டு,

நீ கேட்டு அழித்த வரிக்குப் பதில் எழுதுகிறேன்.

அன்று அவர் என்னிடம் வந்து ஒன்றும் சொல்லவில்லை. சமையலறை வாசலில் நின்றார், பிரிட்ஜைத் திறந்தார், ஒன்றும் எடுக்காமல் மூடினார், போய்விட்டார். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் அறையிலிருந்து திடீரென்று வெளியே வந்து, எல்லார் முன்னாலும், "அன்னைக்கு இவங்க மேல தப்பில்ல. நான்தான் புரியாம கத்திட்டேன். எல்லாரும் மன்னிக்கணும்" என்றார். எல்லாரும் என்றால் மூன்று பேர். பதினேழாம் தேதி வந்தவர்கள் அதில் ஒருவர்கூட இல்லை. முயலோடு வந்திருந்தவர் பயந்துபோய், "பரவாயில்ல டாக்டர்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மேசைக்கு அடியில் பேனாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

மதியம் என் ஒரு வாரத்தை அவரிடம் சொல்லிவிட்டேன். நீ சொல்லிவிட்டு நான் சொல்லாமல் இருந்தால் எப்படி? அதிலும் நீ என்னை முந்திவிட்டாய் என்று ஆகிவிடும். தெரிந்தும் சரிசெய்யாமல் வைத்திருந்தேன் என்றதும், "ரெண்டு பேரும் சேர்ந்து அந்தத் தபால்காரரைத்தான் கடிக்க விட்டிருக்கீங்க" என்றார். சாயங்காலம் பழங்கள் வாங்கிக்கொண்டு தபால்காரரைப் பார்க்கப் போனோம். அவர் மறுபடியும் வலிக்கவே இல்லை என்றார்.

வரும் வழியில்தான் கேட்டார். "வாண்டு இதெல்லாம் உன்கிட்ட எப்பச் சொன்னா?"

"எழுதினா."

"எழுதினாளா? எத்தனை?"

"அவ நாலு. நான் நாலு."

நடை நின்றுவிட்டது. "வாராவாரம் நான்தான் அவளுக்குப் போன் பண்றேன். எனக்கு ஒரு வரி எழுதினதில்ல. அப்படி என்ன எழுதிக்கிட்டீங்க?"

"பிராணிகளைப் பத்தி."

"நாலு கடிதமும் பிராணிகளைப் பத்தியா? என்னைப் பத்தி ஒண்ணும் இல்லையா? காட்டு."

அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடமாகக் கண்ணாடியில் பார்த்து வருகிறேன். உனக்கும் தெரிந்திருக்கும்.

காட்டவில்லை. ஐந்து நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறார். தேநீர் போட்டுக் கொடுக்கிறார். இதை எழுதும்போதும் கதவருகில் நின்று, செருப்பைத் தேடுவதுபோல் எட்டிப் பார்க்கிறார். லேப்டாப்பைச் சாய்த்து வைத்துக்கொண்டு தட்டுகிறேன். உன்மேல் அவருக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் நாளை ஞாயிறு, போன் செய்யாமல் அவரால் இருக்க முடியாது. நாம் என்ன எழுதிக்கொண்டோம் என்று உன்னிடம் தோண்டித் துருவிக் கேட்பார்.

சொல்லிவிடாதே.

அண்ணி